மிஞ்சிய குங்குமம்

வாட்டர்லூ, ஒன்டாரியோ
12 மே 2024

சரோஜாதேவி ஆன்ட்டிக்கு,

வைஷாலி எழுதுகிறேன். உறையின் மேல் கனடா தபால்தலையைப் பார்த்ததுமே யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் உங்களை நான் பிளாக் செய்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்று ஆரம்பிக்க எனக்கு முகம் இல்லை. அதனால்தான் தபால்.

இது வேலை விஷயமான கடிதம். வேறு எதையும் கிளற வரவில்லை.

உங்கள் வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த கிட்டார் இன்னும் இருக்கிறதா? மவுண்ட் வெல்லிங்டனில் பழைய சாமான் விற்கும் ஆப் ஷாப்பில், உடைந்த சைக்கிள்களுக்கு நடுவிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, "இந்தக் குப்பையை எந்த அறையில வைக்கப் போறீர்" என்று கேட்டீர்களே, அதுதான். பெயர் இல்லை, லேபிள் இல்லை. பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை அதன் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தபோது, முதுகுப் பலகையின் ஒட்டு பிரியாமலிருக்க யாரோ ஒரு நியூஸ்பேப்பர் துண்டை ஒட்டியிருந்தது தெரிந்தது. அதில் ஹாலம் மில்ஸ் என்று ஒரு ஊர்ப் பெயர். ஒன்டாரியோவில் உள்ள ஒரு குட்டி ஊர். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். பகலில் பஸ் ஓட்டி, ஜன்னல் சட்டம் இழைத்து, குளிர்காலத்தில் கொட்டகையில் கிட்டார் செய்த கனடாக்காரர்கள் ஐம்பத்து மூன்று பேரை இதுவரை தேடிப் பிடித்து என் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறேன். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அந்தக் கிட்டார் மட்டும் இன்னும் அநாதை.

போன மாதம் ஹாலம் மில்ஸ் போனேன். நூலகத்தில் இருந்தவர் மார்லீன் என்ற அம்மாளிடம் அனுப்பினார். எழுபத்தேழு வயது. அவருடைய அப்பா ஓர்வல் பாஸ்க், கதவு ஜன்னல் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர், கிட்டார்களும் செய்திருக்கிறார். ஒன்றுகூட அந்த ஊரில் மிச்சமில்லை. நவம்பரில் நூலகத்தில் அந்த ஊர் ஆட்கள் கையால் செய்த பொருள்களின் கண்காட்சி. மார்லீனிடம் இருப்பதோ அப்பா மரத்தை வளைக்க வைத்திருந்த இரண்டு அச்சுகள் மட்டும். கிட்டாரே இல்லாமல் ஒருவரைக் கிட்டார் செய்தவர் என்று எப்படி வைப்பது என்று நூலகத்தார் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம் கிட்டார் ஓர்வலுடையதாக இருக்கலாம். நியூஸ்பேப்பர் மட்டும் சாட்சியாகாது, அதே பேப்பரை அந்த ஊரில் யாரும் ஒட்டியிருக்கலாம். அவர் எல்லாக் கிட்டாரிலும் ஒரு அடையாளம் போடுவாராம். என்ன அடையாளம், எங்கே என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் கண் இல்லாததையும் பார்க்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எல்லாப் பக்கமும் பார்த்து, தெரிவதை அப்படியே எழுதுங்கள்.

துடைக்க வேண்டாம். ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். மேலே எதுவும் வைக்கவும் வேண்டாம். இதை ஏன் தனியாக எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

வைஷாலி

*

மவுண்ட் வெல்லிங்டன், ஒக்லண்ட்
3 யூன் 2024

வைஷாலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலை விஷயம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் வேலை விஷயமாகவே பதில் எழுதுகிறேன். அதனால்தான் "நீங்கள்" போட்டு எழுதுகிறேன்.

கிற்றார் இப்போது என்னிடம் இல்லை. பயப்பட வேண்டாம், எறியவில்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார், பிஜிக்காரர். அவருடைய மகன் ஷால்வின், பகலில் குசினி அலுமாரிகளுக்கு வர்ணம் அடிக்கிற பெடியன். ஆல்பனியில் வீட்டுக் கராஜில் பழைய கிற்றார்களும் திருத்துகிறான். ஏப்ரலில் அவனிடம் கொடுத்தேன். அந்த வெள்ளைத் தழும்பு மூலையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சோபாவில் இருந்து ரீவி பார்க்க ஏலாது. "முழுக்கச் சுரண்டி எடுத்துப்போட்டு, புதுசு மாதிரி மினுமினுப்பாய் அடிச்சுத் தா தம்பி" என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னான். இந்நேரம் முடிந்திருக்கும். முடிந்ததும் உங்கள் விலாசத்தைத் தேடி அனுப்புவதாக இருந்தேன். உங்கள் ஓர்வலின் மகளுக்கும் புதுசாக இருந்தால் சந்தோசம்தானே.

வேலை விஷயம் அவ்வளவுதான். இனி வருவதை விருப்பமென்றால் வாசியுங்கள்.

என் மனுசன் காலமான பிறகு நான் சரஸ்வதி பூசை வைக்கிறதையே விட்டிருந்தேன். தனி ஆளுக்கு என்ன பூசை என்று. நீங்கள் என் வீட்டுக்கு வந்த மூன்றாம் வருடம்தான் திரும்ப வைத்தேன். என்னுடைய தையல் கத்திரிக்கோல், இவருடைய தமிழ் அகராதி, உங்கள் லப்ரொப் கொம்பியூட்டர் எல்லாம் வைத்தேன். நீங்கள் உயிராய் வைத்திருந்தது அந்தக் கிற்றார், அதை மட்டும் விடுவதா என்று தூக்கி வைத்துச் சந்தனம் குழைத்து, குங்குமமும் சேர்த்துப் பொட்டு வைத்தேன். பூசையில் வைத்ததை விஜயதசமி விடிகிறவரைக்கும் தொடக்கூடாது. அதனால் இரவு முழுக்க அப்படியே இருந்தது. ஈரச் சந்தனத்துக்குக் கீழே அந்தப் பழைய வார்னிஷ் வெளுக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

அடுத்தநாள் காலை நீங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினது எல்லாவற்றையும் நான் மறந்துவிட்டேன். ஒன்றைத் தவிர. நான் "பிள்ளை, கோவிக்காதையும்" என்று சொல்ல, "நான் வாடகைக்கு இருக்கிறவ, உங்க பிள்ளை இல்ல" என்று சொன்னீர்கள். மூன்று வருடம் ஒரே காரில் எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறோம். அந்தக் கிழமையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனீர்கள், கிற்றாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு.

சரியாகத்தான் சொன்னீர்கள். வாடகைக்கு இருந்தவதான்.

இப்படிக்கு,
சரோஜாதேவி தியாகலிங்கம்
வீட்டுக்காரி

*

வாட்டர்லூ
24 ஜூன் 2024

ஆன்ட்டி,

உங்கள் கடிதத்தைப் பாதி படித்ததும் பிளாக்கை எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அது உங்கள் பழைய நம்பராம், யாரோ ஒரு ஆள் தூக்கத்தில் எடுத்துத் திட்டினார். பிறகு வீட்டு போனுக்கு நாலு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கையில் போனை வைத்துக்கொண்டே நின்றேன். என்ன சொல்வது? இரண்டு மாதம் என்றால் சுரண்டி முடித்திருப்பான். போனில் கத்துவதற்கு மட்டும்தான் இனி வழி, கத்தியது ஏற்கெனவே போதும்.

பழைய கிட்டாரின் மேல்பூச்சை எடுப்பது, பத்திரத்தின் கையெழுத்தை அழித்துவிட்டுப் புதுத்தாள் போல இருக்கிறது என்று சொல்வதுதான். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் மூன்று வருடம் உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிட்டார் பற்றிப் பேசிக் கொன்றிருக்கிறேன், இதை மட்டும் சொல்லவில்லை. உங்களை வெறும் கேட்கிற ஆளாக வைத்திருந்தேன்போல.

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, சொல்லிவிடுகிறேன். ஓர்வல் ஆள் கையைப் பார்த்துத்தான் கிட்டார் செய்வாராம். விரலை அளந்து, அதற்கேற்பக் கழுத்தை இழைப்பார். கிட்டாரின் முகத்தில் பெயர் போடுவது பெருமையடிப்பது என்று நினைத்தவர். எல்லாம் முடித்து, வார்னிஷும் காய்ந்த பிறகு, தலைக்குப் பின்னால் ஊசியால் கீறிவிடுவார். எத்தனையாவது கிட்டார் என்று ஒரு எண், யாருக்குச் செய்தாரோ அவர் பெயரின் முதல் எழுத்து. வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல். நான் நூறு தடவை அந்தத் தலையைத் தடவியிருக்கிறேன், ஒன்றும் தட்டுப்பட்டதில்லை. உப்புத்தாள் ஒரு தடவை போனாலே அது காலி.

மார்லீனிடம் போய்ச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தார். மேசையில் எடுத்து வைத்திருந்த அச்சுகள் இரண்டையும் கீழ் அறைக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்கு அந்தக் கிட்டாருக்காக அழுகை வரவில்லை. நீங்கள் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்த "வீட்டுக்காரி" என்பதற்குத்தான் வந்தது.

ஆன்ட்டி, பொட்டு வைக்கும் முன் என்னைக் கேட்டிருக்கலாம். உங்கள் தப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் தப்பு. காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது லீவு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தவரிடம் வாடகைக் கணக்குப் பேசினேன். என் அம்மாவிடம்கூட அவ்வளவு திமிராகப் பேசியதில்லை. மன்னிச்சிடுங்க.

அந்தக் கிட்டாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மினுமினுப்பாக இருந்தால் மூலையில் வைத்து டிவி பார்க்கலாம். எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். "நீங்கள்" மட்டும் வேண்டாம்.

வைஷாலி

*

மவுண்ட் வெல்லிங்டன்
29 யூன் 2024

வைஷாலி,

நீர் இன்னும் பதில் போடவில்லை. போடுவீரோ என்றும் தெரியாது. "நீங்கள்" போட்டு எழுதினது எனக்கே பிடிக்கவில்லை, தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் மனம் சரியில்லை. இந்த முறை நீர் என்றே எழுதுகிறேன். விருப்பமில்லை என்றால் கிழித்துப்போடும்.

திங்கட்கிழமை வேலையால் வந்து பார்த்தால் வெளிநாட்டு நம்பரில் இருந்து நாலு மிஸ்ட் கோல். வரி கட்டவில்லை, பொலிஸ் வருகுது என்று வெருட்டுகிற கள்ளர்கள்தான் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை ஷால்வின் வந்தான். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு, பிழை செய்தவன் மாதிரி வாசலில் நின்றான். அவன் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு இடம்கூடச் சுரண்டவில்லை.

ஏனென்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் வராது. கொள்ளுப்பாட்டன் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து பிஜி போன குடும்பம், அங்கத்தைய தென்னிந்தியர் சங்கத்து ஆட்கள், கோயிலும் தீமிதியும்தான் மிச்சம், வீட்டில் ஹிந்தி. இங்கிலிஷில்தான் சொன்னான். முதல் நாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு இருந்தபோது குங்குமத்தைக் கண்டானாம். கை போகவில்லையாம். தாய் ராஜ்குமாரியிடம் கேட்டிருக்கிறான். "ஒரு பொம்பிளை பூசையில வச்ச பொட்டை அவவைக் கேக்காமல் அழிக்கக் கூடாது" என்று தாய் சொல்லிவிட்டாவாம். என்னிடம் எப்படிக் கேட்கிறது என்று கூச்சத்தில் இரண்டு மாதமாக வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். நான் தகப்பனைப் பார்க்கிற ஆள், என்ன நினைப்பேனோ என்று.

"அது முன்பக்கம் நான்தான் துடைச்சிட்டனே தம்பி, வெள்ளைத் தழும்புதானே இருக்கு" என்றேன். "முன்பக்கம் இல்ல அன்ரி, பின்பக்கம்" என்று திருப்பிக் காட்டினான்.

வைஷாலி, நான் உம்மிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பொட்டு வைத்து முடிய, விரலில் குங்குமம் மிஞ்சியிருந்தது. கை துடைக்கத் துணி இல்லை. சாமி குங்குமத்தைச் சீலையிலும் துடைக்க மனம் வராது. கிற்றாரின் தலைக்குப் பின்னால் ஆருக்குத் தெரியப்போகுது என்று அங்கே தேய்த்துவிட்டேன். முன்பக்கத்துக்கே நீர் அவ்வளவு கத்தினீர், இதையும் சொன்னால் என்ன ஆகுமென்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினான். குங்குமம் மேலெல்லாம் உதிர்ந்து போய்விட்டது. ஆனால் உள்ளே மெல்லிசாக ஏதோ கீறல், அதற்குள் மட்டும் சிவப்பு நிற்கிறது. ஊசிமுனை அகலம்தான் இருக்கும். எனக்கு அது 19 என்றும், பக்கத்தில் இங்கிலிஷ் எம் என்றும் தெரிகிறது. ஷால்வின் தலைகீழாகப் பிடித்து 61 என்று நின்றான், பேச்சு வாங்கினான். நீர் தெரிவதை எழுதச் சொன்னீர், எழுதியிருக்கிறேன். இது நீர் தேடுகிறதோ, முந்தி ஆரோ சின்னப்பிள்ளை கீறி விளையாடினதோ எனக்குத் தெரியாது.

உரசிப் பிரதி எடுக்க வேண்டாம், குங்குமம் போய்விடும் என்று ஷால்வின் சொன்னான். தன் கமராவில் பெரிதாய்ப் படம் எடுத்து, கடையில் கழுவித் தந்தான். இதற்குள் வைத்திருக்கிறேன். உறையைக் கவனமாகப் பிரியும்.

ஒன்றும் துடைக்கவில்லை. ஒன்றும் வைக்கவில்லை. பெட்டிக்குள் போட்டு, பெட்டியையும் தொடாமல் இருக்கிறேன்.

சரோஜா அன்ரி

*

வாட்டர்லூ
19 ஜூலை 2024

ஆன்ட்டி,

நான் போட்ட கடிதமும் நீங்கள் போட்ட கடிதமும் நடுவானத்தில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. எல்லாம் பாழாகிவிட்டது என்று நான் எழுதி ஐந்து நாள் கழித்து, ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என்ன அடையாளம் என்று தெரியாமலே எழுதியிருக்கிறீர்கள், அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. படத்தை அடுக்களை விளக்குக்குக் கீழே பிடித்து, எண்ணையும் எழுத்தையும் நானே படித்துப் பார்த்தேன்.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஹாலம் மில்ஸ் போனேன். மார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த எம் எழுத்தின் மேல் விரலை வைத்து, "அப்பா பத்தொன்பதோடு நிறுத்திவிட்டார்" என்றார். "கடைசி என்னுடையது."

பத்தொன்பது வயதில் மார்லீன் டொரன்டோவில் நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கிறார். அறைத்தோழி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நியூசிலாந்துப் பெண். இரண்டு பேரும் அந்தக் கிட்டாரை மாற்றி மாற்றி வாசித்திருக்கிறார்கள். அந்தப் பெண் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய நாளில் அழுத அழுகையைப் பார்த்து, மார்லீன் கிட்டாரை அவள் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவிடம் ரயிலில் தொலைந்துவிட்டது என்று சொன்னார். அப்பா நம்பினாரா என்று இன்றுவரை தெரியாதாம். அதன் பிறகு அவர் வேறு கிட்டார் செய்யவில்லை. என்னிடம் முதல் நாள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஐம்பத்தெட்டு வருஷப் பொய், சட்டென்று வாயில் வருமா" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார். சொன்னேன். பூசை, சந்தனம், விஜயதசமி, நீங்கள் விரலைத் துடைத்தது, நான் கத்தியது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனது, ஒன்று விடாமல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா எழுதி வைத்தார், மை போட மறந்துவிட்டார். அந்த அம்மாள் போட்டிருக்கிறார்" என்றார்.

அச்சுகள் இரண்டும் மறுபடி மேலே வந்துவிட்டன. நூலகத்தில் ஓர்வல் பாஸ்குக்கு ஒரு மேசை ஒதுக்கியாயிற்று. குங்குமத்தையும் தழும்பையும் யாரும் தொடக்கூடாது என்று மார்லீன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஷால்வினிடம் சொல்லுங்கள். அவன் அம்மாவுக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். என் இணையதளத்தில் ஐம்பத்து நான்காவது பெயர் ஏறிவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். கேட்காமல்தான் போட்டேன், திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டுங்கள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஆக்லாந்து வருகிறேன், கிட்டாரை எடுத்துப்போக. இரண்டு வாரம் இருப்பேன். முன் அறையில் இப்போது யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சோபாவில் படுத்துக்கொள்கிறேன்.

வைஷாலி

*

மவுண்ட் வெல்லிங்டன்
8 ஓகஸ்ட் 2024

வைஷாலி,

உம்முடைய இரண்டு கடிதமும் கிடைத்தது. முதலாவதை வாசித்துவிட்டு அழுதேன். இரண்டாவதை இல்லத்துக்குக் கொண்டுபோய் ஷால்வினுடைய தகப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் தமிழ் விளங்காது, ஆனாலும் கடைசிவரைக்கும் இருந்து கேட்டார்.

மன்னிப்பெல்லாம் கேட்டது போதும். கேட்காமல் கை வைத்தது நான். உம்முடைய பொருளில் ஆசையாய்ச் செய்தாலும் அது உம்முடைய பொருள்தான். இதை எனக்கு விளங்க இவ்வளவு நாள் எடுத்தது.

முன் அறையில் ஒருவரும் இல்லை. இடையில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், அறை சரியில்லை, கூரை ஒழுகுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கூரைக்கு ஒன்றும் இல்லை.

ஐந்தாம் திகதி விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். ரக்சி பிடிக்க வேண்டாம். உறைப்பு இப்போதும் அவ்வளவுதானோ, கனடா போய்க் குறைந்துவிட்டதோ என்று எழுதும், மிளகாய்த்தூள் இடிக்க வேண்டும்.

சரோஜா அன்ரி

பி.கு. கலண்டர் பார்த்தேன். நீர் நிற்கிற கிழமைதான் சரஸ்வதி பூசை. சந்தனம் இல்லை, தண்ணீர் இல்லை. காய்ந்த குங்குமம் மட்டும், அதுவும் கிற்றாரில் இல்லை, பெட்டியின் மூடியில் சின்னதாய் ஒன்று. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். வைக்கட்டோ, பிள்ளை?